குடிலிலிருந்து குடிலுக்கு



ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டதும், திருக்குறளைப் பற்றியோ தாய்மொழியின் சிறப்பைப் பற்றியோ எழுதலாம் என்றே முதலில் எண்ணினேன். அவற்றை என்னிலும் நன்றாக எழுத வல்லோர் நம்மிடையே பலர் உளர். ஆகவே, நாம் வாழும் இந்த நோர்வே நாட்டின் மலைகளிடையே எங்கள் குடும்பம் சறுக்குப் பலகைகளில் செய்த நான்கு நாட் பயணத்தைப் பற்றி எழுதத் துணிந்தேன். பத்து ஆண்டுகளுக்கு முந்திய கதை இது. அப்போது மகளுக்குப் பதின்மூன்று வயது, மகனுக்குப் பத்து.

1988ஆம் ஆண்டு நான் இந்நாட்டிற்கு வந்து சேர்ந்தபோது வடகோடியிலே பின்மார்க் மாகாணத்து மீன் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. மீன் வெட்டும் மேசைக்கும் படுக்கும் அறைக்கும் இடையிலே கிடந்த ஒரு வீதி. அவ்வளவுதான் நான் அறிந்த நோர்வே. கோடை வெயிலில் பனங்கூடல்களுக்கிடையே திரிந்து வளர்ந்தவனுக்கு உறைபனி ஒரு பகையாகவே தோன்றியது. அது பெய்தால் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். உருகினால் வெளியே வரலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்குழந்தையையும் சிறு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு பனிக்குள் போகும் அயலவர்களைச் சாளரத்தினூடாகப் பார்த்து, இவர்களுக்கு வீட்டில் என்ன குறை என்று வியந்ததுண்டு.

பின்னர் ஒஸ்லோவுக்கு வந்தோம், பிள்ளைகள் பிறந்தார்கள், பள்ளிக்கூடம் போனார்கள். ஈஸ்டர் விடுமுறை முடிந்து வகுப்புகள் தொடங்கும் நாளில், விடுமுறையில் என்ன செய்தீர்கள் என்று ஆசிரியர் கேட்பது இந்நாட்டு வழக்கம். மலைக்குப் போனோம், குடிலில் தங்கினோம், பனியில் சறுக்கினோம் என்று மற்றப் பிள்ளைகள் சொல்வார்கள். எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு இருந்தது, மாமா வீட்டுக்குப் போனோம், பிறகு மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார் என்பதுதான். ஒருமுறை பெற்றோர் கூட்டத்திலே ஆசிரியை எங்களைப் பார்த்து முகமலர்ச்சியுடன், “உங்கள் மலைப்பயணம் நன்றாக இருந்ததாமே?” என்று கேட்டார். நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மகள் தலையைக் குனிந்தபடி இருந்தாள். “ஓம், நன்றாக இருந்தது” என்று மனைவி பதில் சொன்னார். வீடு திரும்பும் வழியில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு மலைக்குப் போவது என்பது அன்றே முடிவாகிவிட்டது.

எங்களுக்கு வழிகாட்டியாக வாய்த்தவர், மனைவி வேலை செய்த முதியோர் இல்லத்தில் தாதியாக இருந்த ஓர் அம்மையார். அறுபது வயதைக் கடந்தவர். அவரும் கணவரும் முப்பது ஆண்டுகளாக ஒவ்வோர் ஈஸ்டருக்கும் மலைக்குப் போய்வருபவர்கள். அவ்வாண்டு மாரிகாலம் முழுவதும் சனிக்கிழமை பிற்பகல்களில், தமிழ்ப் பாடசாலை முடிந்தபின், எங்கள் நால்வரையும் ஒஸ்லோவின் காட்டுத் தடங்களுக்கு அழைத்துச் சென்று பழக்கினார். பிள்ளைகள் பாடசாலையில் ஏற்கெனவே ஓரளவு பழகியிருந்தனர். விழுந்து எழும்பியவர்கள் நானும் மனைவியுமே.

சறுக்குப் பலகையை நாம் ‘ஸ்கீ’ என்கிறோம். நோர்வேஜியர் ‘ஷீ’ என்பர். பழைய நோர்டிக் மொழியில் அச்சொல்லுக்குப் பிளந்த மரத்துண்டு என்பதே பொருளாம். விறகுக் கொள்ளி என்று நாம் சொல்லக்கூடிய ஒரு பொருள், ஒரு நாட்டின் வரலாற்றையே சுமந்திருக்கிறது. 1206ஆம் ஆண்டில், உள்நாட்டுப் போரின் நடுவே, இரண்டு வயதுக் குழந்தையாயிருந்த ஹோக்கோனைப் போர்வீரர் இருவர் சறுக்குப் பலகைகளில் ஏந்திக்கொண்டு லில்லஹாமரிலிருந்து மலை கடந்து காப்பாற்றினர். அக்குழந்தையே பின்னர் நாட்டின் மன்னனாயிற்று. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போருக்குத் தப்பியோடிய கதை நமக்குப் புதியதா என்ன?

குடிலிலிருந்து குடிலுக்குச் செல்லும் பயணம் இங்கு சாத்தியமாவதற்குக் காரணம், 1868இல் தொடங்கப்பட்ட நோர்வே மலைநடைச் சங்கம். நாடெங்கும் ஐந்நூறுக்கு மேற்பட்ட குடில்கள் அதற்கு உண்டு. சிலவற்றில் பணியாளர் இருந்து உணவு சமைத்துத் தருவர். சிலவற்றில் எவரும் இரார். உணவுப் பொருட்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். உறுப்பினர் தம்மிடமுள்ள திறப்பினால் கதவைத் திறந்து, அடுப்பை மூட்டி, வேண்டியதை எடுத்துச் சமைத்து, எடுத்ததைத் தாமே குறித்து, அதற்குரிய பணத்தைச் செலுத்த வேண்டும். பார்ப்பதற்கு ஆளில்லை. அடுத்த ஆண்டு அத்தகைய குடிலொன்றில் தங்கியபோது, நாங்கள் திறந்த மீன் தகரங்களை மகன் மூன்றுமுறை எண்ணி எழுதியது நினைவிருக்கிறது. மூன்றாம் வகைக் குடில்களில் உணவும் இராது; விறகும் கட்டிலும் மட்டுமே. கட்டில்கள் நிறைந்துவிட்டால் நிலத்தில் மெத்தை விரித்தாவது இடங்கொடுப்பர். மலையில் வந்து கதவைத் தட்டியவரைத் திருப்பியனுப்புவதில்லை என்பது அச்சங்கத்தின் பழைய நெறி. கோடையில் வழிகாட்டக் கற்களிற் சிவப்பு நிறத்தில் ‘ரீ’ என்னும் உரோம எழுத்தைத் தீட்டியிருப்பார்கள். பனிக்காலத்தில் கற்கள் மூடுண்டுவிடுவதால் வழிநெடுகத் தடிகளை நட்டுவைப்பர். ஒரு தடியருகே நின்றால் அடுத்த தடி கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பது கணக்கு.

நாங்கள் தெரிந்தெடுத்த இடம் ரொண்டான. 1962இல் நோர்வேயின் முதலாவது தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்ட மலைப்பகுதி அது. இரண்டாயிரம் மீற்றருக்கு மேல் உயர்ந்த பத்துச் சிகரங்கள் அங்குண்டு. ஆனால் எங்கள் பாதை சிகரங்களில் ஏறுவதன்று. அவற்றின் இடையே பள்ளத்தாக்குகளிற் செல்வது.

ஆயத்தங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; செல்ல விரும்பும் பெற்றோருக்கு உதவும். முதலாவது, பருத்தி உள்ளுடை கூடாது. நம் ஊர் வெயிலுக்கு அது வரப்பிரசாதம். இங்கே வியர்வையை உறிஞ்சி ஈரமாக ஒட்டிக்கொண்டு உடம்புச் சூட்டைக் குடித்துவிடும். கம்பளியே வேண்டும். இரண்டாவது, காற்று. வெப்பமானி காட்டும் குளிரைவிடக் காற்றே கொடியது. பூச்சியத்துக்குக் கீழே 10 பாகைக் குளிரில், செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் காற்று வீசினால், திறந்திருக்கும் தோல் உணர்வது ஏறத்தாழ 20 பாகைக் குளிரை. மூன்றாவது, மெழுகு. சறுக்குப் பலகை வழுக்கவும் வேண்டும். காலால் மிதித்து உந்தும்போது பிடிக்கவும் வேண்டும். ஒன்றுக்கொன்று மாறான இவ்விரு வேலைகளையும் செய்விப்பது, பலகையின் நடுப்பாகத்தில் பாதத்தின் கீழே பூசும் மெழுகு. புதிய பனியின் துகள்கள் கூரிய முனையுள்ளவை. அவை மெழுகினுட் குத்திப் பிடித்துக்கொள்ளும். கடுங்குளிரில் பனி கூர்மையாயிருக்கும். அப்போது கடினமான பச்சை மெழுகு. குளிர் குறையக் குறைய நீலம், ஊதா, சிவப்பு என்று மென்மை கூடிய மெழுகுகள். உருகி மீண்டும் உறைந்த பனிக்குப் பசைபோன்ற ஒருவகை உண்டு. அது கையில் பட்டால் பலாப்பால்தான். தடிப்பாகப் பூசுவது கூடாது. மெல்லிய பூச்சாகப் பலமுறை தடவித் தக்கையால் தேய்க்க வேண்டும். இந்தக் கலை என் மனைவிக்கு ஒரே நாளிற் கைவந்தது. “தோசைக்கல்லுக்கு எண்ணெய் பூசுறதுதானே” என்றார்.

பயணப்பையில் அவர் ரகசியமாக வைத்த பொருட்கள் இரண்டு: ஒரு சிறு போத்தல் மிளகாய்த்தூள், ஒரு தகரம் நிறைய எள்ளுருண்டை. நோர்வேஜியர் மலைக்குத் தோடம்பழமும் ‘க்விக் லுன்ஷ்’ சொக்கலேற்றும் கொண்டுபோவது மரபு. மலையின் குளிரில் சொக்கலேற் கல்லாகிவிட, எள்ளுருண்டைத் தகரத்தை இரண்டாம் நாளிலேயே அம்மையாரின் கணவர் பாதிவரை காலிசெய்துவிட்டார்.

ஒஸ்லோவிலிருந்து புகையிரதத்தில் ஒத்தா என்னும் ஊர் வரையும், அங்கிருந்து பேருந்தில் மூசுசேத்தர் வரையும் சென்றோம். அங்கே பலகைகளைக் காலிற் பூட்டி, முதல் நாள் ரொண்ட்வாஸ்பூ என்னும் குடிலை நோக்கிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் நடந்தோம். வெயிலும் வெண்மையும். மரங்கள் முடிந்து, திறந்த வெளியில் முன்னே நீல நிழல்களுடன் மலைகள் எழுந்து நின்றபோது மகன், “அப்பா, ஆரோ சீனியைக் கொட்டிக் குவிச்ச மாதிரி” என்றான். ரொண்ட்வாஸ்பூ, கடல்மட்டத்திலிருந்து 1173 மீற்றர் உயரத்தில், நீண்டு ஒடுங்கிய ஏரியொன்றின் தென்முனையில் உள்ளது. மாலையில் ஈரமான காலுறைகளையும் கையுறைகளையும் உலர்த்தும் அறையில் அறியாத முப்பது பேருடைய காலுறைகளுக்கிடையில் எங்களுடையவையும் தொங்கின. நீள்மேசையில் எல்லாரும் ஒன்றாயிருந்து உண்டோம். எங்கிருந்து வருகிறீர்கள் என்று பக்கத்திலிருந்த முதியவர் என் மகளைக் கேட்டார். வழக்கமாக இக்கேள்விக்கு முகம் சுளிப்பவள், சற்றுத் தயங்கி, “மூசுசேத்தரிலிருந்து” என்றாள். அவர் கேட்டதும் அதைத்தான். பாதை எப்படி இருந்தது என்று அடுத்ததாக விசாரித்தார்.

இரண்டாம் நாள் நாங்கள் இல்மன்டாலன் பள்ளத்தாக்கு வழியே பியோர்ன்ஹொல்லியா என்னும் அடுத்த குடிலுக்குப் போக வேண்டும். பன்னிரண்டு கிலோமீற்றர் அளவான தூரம், பெரிய ஏற்றமில்லை. காலையில் வானம் மங்கியிருந்தது. காற்று பின்னேரமே வலுக்கும் என்று குடிலின் அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தார்கள். அதற்குள் போய்விடலாம் என்று புறப்பட்டோம். சுமார் மூன்று கிலோமீற்றர் சென்றிருப்போம். கிழக்கிலிருந்து காற்று எழுந்தது. விழும் பனியன்று அது; கிடந்த பனியே எழும்பி நிலத்தோடு நிலமாக ஓடி வந்தது. முதலில் முழங்காலளவு, பிறகு இடுப்பளவு. வானத்தையும் தரையையும் பிரிக்கும் கோடு அழிந்தது. அடுத்த தடி தெரிந்தது, அதற்கடுத்தது தெரியவில்லை. சிறிது நேரத்தில் அடுத்த தடியும் தெரிவதும் மறைவதுமாயிற்று.

அப்போது மனைவி என் தோளைப் பிடித்து நிறுத்தினார். “இஞ்சேருங்கோ, தம்பியின்ரை கன்னத்தைப் பாருங்கோ.” கன்னத்தில் ஐந்து சத நாணயமளவில் ஓரிடம் நிறம் மாறியிருந்தது. குளிர்க்கடியின் தொடக்கம் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும் என்று இங்குள்ள கையேடுகள் கூறும். நம் பிள்ளைகளின் தோலில் அது வெள்ளையாகத் தெரிவதில்லை. சாம்பல் பூத்தாற்போல, மினுக்கமற்று இருக்கும். பெற்றோர் இதை மனத்திற் கொள்ள வேண்டும். தேய்க்கக் கூடாது, பனியை வைத்து உரசவே கூடாது. வெறுங்கையின் சூட்டை அப்படியே வைத்திருக்க வேண்டும். மனைவி கையுறையைக் கழற்றி உள்ளங்கையை மகனின் கன்னத்தில் பொத்தினார். இரண்டு நிமிடத்தில் நிறம் திரும்பியது.

நான் அம்மையாரைப் பார்த்தேன். முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர். இன்னும் சற்றுத் தூரம் போய்ப் பார்ப்போம் என்பார் என எதிர்பார்த்தேன். அவரோ ஒரு சொல்லும் பேசாமல், தம் பலகைகளைத் திருப்பி, வந்த திசையை நோக்கி நின்றார். அவருடைய கணவர் எங்களைச் சுற்றிக் கடைசி ஆளாக வந்து நின்றுகொண்டார். அவ்வளவுதான். ஆலோசனைக் கூட்டமில்லை. என் மகள் மட்டும் காற்றுக்கு மேலாகக் கத்தினாள்: “இன்னும் கொஞ்சந்தானே! நான் போவன்!” கண்ணீர் இமையிலேயே உறைந்துகொண்டிருந்தது. அந்தக் கண்ணீரின் காரணம் எனக்கும் மனைவிக்கும் தெரியும். மற்ற இருவருக்கும் தெரியாது.

திரும்பும்போது காற்று முதுகில் இருந்தது. மகனை நடுவில் விட்டு, ஒருவர் பலகை மற்றவர் பலகையைத் தொடுமளவு நெருங்கி, தடியிலிருந்து தடிக்காக வந்து சேர்ந்தோம். குடிலின் சுவர், கைக்கெட்டும் தூரத்துக்கு வந்த பின்புதான் தெரிந்தது.

அன்று பிற்பகல் முழுவதும் மகள் படுக்கையைவிட்டு இறங்கவில்லை. அம்மையார் தேநீர்க் கோப்பையுடன் அவளருகே சென்று அமர்ந்து, 1967ஆம் ஆண்டு ஈஸ்டரைப் பற்றிச் சொன்னார். அந்த ஒரே விடுமுறையில் நோர்வே மலைகளில் 18 பேர் இறந்தனர். அதன் பின்னர்தான் செஞ்சிலுவைச் சங்கமும் மலைநடைச் சங்கமும் மலைக்குச் செல்வோருக்கான விதிகளை நாடெங்கும் பரப்பின. 2016இல் அவை புதுக்கி எழுதப்பட்டன. இன்று அவை ஒன்பது. வேளையோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை என்பது எட்டாவது. சொக்கலேற்றின் உறையின் உட்புறத்திலும் அவ்விதிகளை அச்சிட்டிருப்பர். சிறுபிள்ளை இனிப்பைத் தின்றபின் படிக்கட்டும் என்று! “வகுப்பில் இதைச் சொல், பாதிப் பேர் இப்படித் திரும்பியவர்கள்தான். மற்றப் பாதிப் பேர் குடிலில் சீட்டு விளையாடியிருப்பார்கள்” என்றார் அம்மையார். மகள் சிரிக்கவில்லை, ஆனால் தேநீரை வாங்கிக்கொண்டாள்.

எனக்கு அந்த எட்டாவது விதி எளிதிற் செரிக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முன்வைத்த காலைப் பின்வைக்காதே என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அத்துடன், திரும்புதல் என்னும் சொல் எங்கள் தலைமுறைக்கு ஒரு பயணச் சொல்லன்று. ஊரைவிட்டுப் புறப்பட்டபோது, நிலைமை சீரானதும் திரும்பிவிடுவோம் என்றுதான் ஒவ்வொருவரும் சொன்னோம். திரும்பும் வழியை எங்களுக்காக வேறு யார்யாரோ மூடிவிட்டார்கள். திரும்ப முடியாமற் போவது ஒரு துயரம். திரும்பக்கூடிய இடத்தில், பிள்ளைகளோடு, சூடான அடுப்பை நோக்கித் திரும்ப முடிவது எவ்வளவு பெரிய வசதி! அன்றிரவு மேற்கட்டிலில் மகன் நிம்மதியாகக் குறட்டை விடும் ஓசையைக் கேட்டபடி இதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன், மாலையில் ஒரு விளையாட்டு நடந்தது. நோர்வேஜிய மொழியில் பனிக்கு எத்தனையோ பெயர்கள். நமக்கோ ‘பனி’ என்ற ஒன்றே. அதுவும் புல்நுனியில் நிற்கும் துளிக்கும் விடிகாலை மூடுபனிக்கும் வைத்த பெயர். முன்பனி, பின்பனி என்று ஆறு பருவங்களில் இரண்டைப் பனிக்கு ஒதுக்கிய நம் முன்னோர், அதை மண்வாரியால் அள்ள நேரும் என்று கண்டார்களா? மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். நாங்கள் மலையில் நின்றதும் பங்குனியிலேயே. ஆகவே பெயர் வைப்போம் என்று மனைவி தொடங்கிவைத்தார். தூளாக விழும் பனி, அரிசிமாவைப் போன்றது: மாப்பனி. உருட்டப் பிடிபடும் ஈரப்பனி, கொழுக்கட்டைக்குப் பிடிப்பதுபோல: பிடிபனி. வெயிலில் உருகி இரவில் இறுகி மேலே ஓடுகட்டியது: பொருக்குப் பனி. காலை வைத்தால் இடுப்புவரை புதையும் வசந்தகாலத்து நொய்ந்த பனியை நோர்வேஜியர் அழுகிய பனி என்பர். உக்கிய மரத்தை நினைத்து அதற்கு உக்கற்பனி என்று பெயர் சூட்டியவள், படுக்கையில் மறுபக்கம் திரும்பிப் படுத்திருந்த மகள். சொல்லிவிட்டு மீண்டும் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் விடிந்தபோது வானத்தில் ஒரு முகிலும் இல்லை. காற்று பனியை அடித்து இறுக்கி மேலே பொருக்கு வைத்திருந்தது. முதல் நாள் இரண்டு மணித்தியாலம் தவித்த இடத்தை இருபது நிமிடத்திற் கடந்தோம். நாங்கள் திரும்பிய தடி எது என்று மகன் தேடினான். எல்லாத் தடிகளும் ஒன்றுபோலவே இருந்தன. பள்ளத்தாக்கின் மறுசரிவில் அம்மையார் கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். தூரத்தில், கற்கள் என்று நாங்கள் எண்ணியவை அசைந்தன. காட்டுக் கலைமான்கள், இருபதளவில். ஐரோப்பாவின் காட்டு மலைக் கலைமான்களில் எஞ்சியவற்றின் பெரும்பகுதி நோர்வேயிலேயே வாழ்கிறது. ரொண்டானயில் அவற்றைப் பிடிக்க முன்னோர் தோண்டிய குழிகள் இன்றும் உள்ளன. குளிர்காலக் கடைசியில் பெண்மான்கள் கருவுற்றிருக்கும். பனிக்கடியில் பாசியைக் கிளறித் தின்று நாளைக் கடத்தும். மனிதரைக் கண்டு ஓடும் ஒவ்வோர் ஓட்டமும் அவற்றுக்கு நட்டமே. மான்கள் தாமாக நகரும்வரை அரைமணி நேரம் பையின்மேல் அமர்ந்திருந்தோம். 2021இல் அவை அருகிவரும் இனங்களின் பட்டியலுக்கு அண்மையில் வைக்கப்பட்டன. இப்போது அங்கு செல்ல எண்ணுபவர்கள், எந்தப் பாதை, எந்தக் குடில், எந்த நாட்களில் திறந்திருக்கும் என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். நம் விடுமுறையைவிட அவற்றின் கன்று பெரிது.

பிற்பகல் இரண்டு மணிக்குப் பியோர்ன்ஹொல்லியா வந்தது. கடைசி இறக்கத்தில் மகள் எல்லாரையும் முந்திக்கொண்டு போய், குடிலின் வாசலில் பலகைகளைக் கழற்றிப் பனியில் நட்டுவிட்டு, எங்களை எதிர்பார்த்து நின்றாள். ஒன்றும் பேசவில்லை. என் பையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

குடில்களில் வருவோர் பெயரும், வந்த இடமும், போகும் இடமும் எழுதும் ஒரு புத்தகம் உண்டு. தேட நேர்ந்தால் அப்புத்தகமே முதற் சாட்சி. நான்காம் நாட் காலை, புறப்படுமுன், மகள் அதில் எங்கள் பெயர்களை நோர்வேஜிய மொழியில் எழுதிவிட்டு, கீழே தமிழில் மூன்று சிறு வசனங்கள் எழுதினாள். “காற்று அடித்தது. திரும்பிப் போனோம். அடுத்த நாள் வந்தோம்.” மகன் பேனாவைப் பறித்துத் தன் பங்குக்கு, “பொறுக்குப் பனி, நல்ல சறுக்கு” என்று எழுதினான். பொறுக்கி எடுக்கிற பனியா என்று அக்கா கேட்டாள். அவன் நாணத்துடன் வல்லின றகரத்தை வெட்டி மேலே இடையின ரகரத்தைப் போட்டான். வெளியே மனைவி ஆறு சோடிப் பலகைகளுக்கும் மெழுகு பூசி முடித்திருந்தார்.